சேலை அலுமாரியில் ஒரு துவக்கு

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டில் செங்கல் சுவர் என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் தட்டினால் பிஸ்கட் பெட்டி மாதிரி ஒலிக்கும் அட்டைச் சுவர்கள். அந்த ஒற்றைச் செங்கல் சுவர் படுக்கையறையில், மனைவியின் சேலை அலுமாரிக்கு முதுகாக நின்றது. குடிவந்த நாளிலிருந்து அது எவருக்கும் தேவைப்படவில்லை. நான் துவக்கு, அதுதான் துப்பாக்கி, வாங்க வெளிக்கிட்டபோதுதான் அதன் அருமை தெரிந்தது.

துவக்கு எனக்காக இல்லை, அண்ணைக்காக. அண்ணை என் கூடப்பிறந்தவர் அல்ல. ஜெர்மனியில் அகதி முகாமில் எனக்கு மேல் கட்டிலில் படுத்தவர். அவர் திரும்பிப் படுத்தால் கட்டில் தூசி என் வாயில் விழும். "அண்ணை, மெல்லமா" என்று சொல்லத் தொடங்கிய உறவு அது. பிறகு அவர் லண்டன் வந்தார். நான் பிரான்ஸ், ஹொலண்ட் என்று சுற்றி, ஒரு குளிர்காலம் முழுக்க மரக்கறி லாறியின் பெட்டிக்குள் படுத்து, கடைசியில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினேன். லாறி பரவாயில்லை. முட்டைக்கோஸ் மணம் மட்டும் இன்றைக்கும் ஆகாது.

அண்ணை பெற்றோல் ஸ்டேஷனில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து இரவு வேலை செய்தவர். ஒருநாள் கூண்டைத் திறந்துகொண்டு வெளியே வந்து, கென்ட் பக்கம் ஒரு வயதான ஆங்கிலேயச் சீமாட்டியிடம் துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்தார். போஞ்சி என்று நாங்கள் சொல்லும் பீன்ஸ், பீட்ரூட், முளைக்கீரை. எங்கள் பக்கக் கடைக்காரர்களும் ஈஸ்ட் ஹாம்காரரும் கென்யாவிலிருந்து பிளேனில் வரும் போஞ்சியை நிறுத்திவிட்டு அவருடையதை எடுக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரே நிபந்தனை, சொன்ன கிழமை சொன்ன சாமான் வரவேண்டும்.

வரவில்லை. முதல் வருடம் போட்ட போஞ்சியை மான் தின்றது. மிச்சம் வைக்கிற பழக்கமெல்லாம் அதுகளுக்கு இல்லை. தளிர், பூ, பிஞ்சு என்று ஒழுங்காகத் தின்று, போகும்போது பீட்ரூட் இலையையும் வாய்ச்சுவைக்குக் கடித்துவிட்டுப் போகும்.

"வேலி போடுங்கோவன், அண்ணை."

"குத்தகையிலை எழுதியிருக்குதடா. கம்பி வேலி, பலகை வேலி, ஒண்டும் ஏலாதாம். மனுசிக்குத் தான் சமைக்கிற குசினி யன்னலாலை பாக்கேக்கை காட்சி கெட்டுப்போமாம்."

"அப்ப?"

"சுடலாமாம். பொலிஸ் லைசென்ஸ் இருக்கிற ஆள் சுட்டால் தனக்கு ஆட்சேபணை இல்லையாம். மான் கால் ஒண்டு தனக்கு வேணுமாம், அடுப்பிலை போட."

அண்ணைக்குச் சீனி வருத்தம், சர்க்கரை வியாதி. இரண்டு கண்ணுக்கும் ஊசி போடுகிறார்கள். ஆகவே அவர் என்னைப் பார்த்தார்.

"நீதான் நாலு நாட்டு எல்லையைக் களவாத் தாண்டினவன். பதுங்கிக் கிடக்க உனக்கு வரும்."

எட்டாம் வகுப்போடு நின்றவனிடம் வேறு எந்தத் தகுதியையும் இதுவரை யாரும் சொன்னதில்லை. சரி என்றேன். இந்த முறையும் போஞ்சி போனால் அண்ணை திரும்பக் கண்ணாடிக் கூண்டுக்குத்தான் போகவேண்டும். முதலாளி அவர் உட்கார்ந்த கதிரையை இன்னும் எடுக்கவில்லையாம். அதை அவர் சொன்ன விதத்தைப் பார்த்தால், கதிரையை எங்காவது கொண்டுபோய் எரித்துவிட்டு வரலாம் போலிருந்தது.

இந்த நாட்டில் துவக்கு வாங்குவது மனைவியைப் பெண் கேட்டதைவிடக் கஷ்டம். எந்த மான், எந்த நிலம், ஏன் என்று கேட்டார்கள். டொக்டரிடம் என் மூளையைப் பற்றி விசாரித்தார்கள். பிறகு பொலிஸிலிருந்து ஒரு பெண் அதிகாரி வீட்டைப் பார்க்க வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோதே மனைவிக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"துவக்குகளோடு முன் அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"நிறைய. ஆனால் எல்லாம் மற்றப் பக்கத்தில் நின்று" என்றேன்.

அவர் பேனாவின் மூடியைத் திறந்தார். பிறகு "இல்லை" என்று எழுதிக்கொண்டார்.

இரும்புப் பெட்டியொன்றுக்குள் துவக்கைப் பூட்டவேண்டும், பெட்டியைச் சுவரில் போல்ட் அடித்து இறுக்கவேண்டும், சுவர் செங்கல்லாக இருக்கவேண்டும் என்றார். மூன்று பேருமாக வீடு முழுக்கத் தட்டிக்கொண்டு போனோம். சேலை அலுமாரியைத் திறந்து, கையை உள்ளே விட்டுத் தட்டியபோது அதிகாரியின் முகம் மலர்ந்தது.

"இஞ்சேருங்கோ," என்றாள் மனைவி, தமிழில், சிரித்த முகத்தோடு. "என்ரை கூறைச் சேலை இருக்கிற இடத்திலையோ உங்கட துவக்கு?"

"என்ன சொல்கிறார்?" என்று அதிகாரி கேட்டார்.

"நல்ல இடம் என்கிறார்."

அடுத்தது சாவி. சாவி இருக்கும் இடம் வீட்டில் வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்றார், மனைவிக்குக்கூட.

"எனக்குத் தெரியாமல் இந்த மனுசன் ஒரு சாமானை ஒளிச்சு வைக்கப்போறாராமோ? தன்ரை சொக்ஸ் இருக்கிற இடமே தெரியாது."

"ஒத்துழைப்பதாகச் சொல்கிறார்" என்றேன்.

சாவியை எண் பூட்டுப் போட்ட சிறு பெட்டிக்குள் வைத்தேன். எண்ணாக எங்கள் கல்யாண நாளைப் போட்டேன். உலகத்தில் யார் எதை யோசித்தாலும், எனக்கு அந்த நாள் நினைவிருக்கும் என்று என் மனைவி யோசிக்கமாட்டாள். இப்போது மாற்றிவிட்டேன்.

சேலைகள் வெளியேற்றப்பட்டன. பட்டுகள் கட்டிலுக்கு அடியில் சூட்கேசுக்குப் போயின. மிச்சம் நைலோன் சேலைகள். கல்யாண வீடு, பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்திய வீடு, அறுபதாம் கல்யாணம் என்று போகிற இடமெல்லாம் கைமாறுகிற சேலைகள். ஒருத்தர் தந்ததை நாங்கள் இன்னொருத்தருக்குக் கொடுப்போம், அவர் வேறொருத்தருக்கு. அதில் ஒரு பச்சைச் சேலை கிங்ஸ்பரி வரை போய், கனடாவுக்கும் போய், மடிப்புக் கலையாமல் எங்களிடமே திரும்பி வந்தது. இவை எல்லாம் பூச்சி உருண்டை மணத்தோடு கறுப்புப் பைகளுக்குள் போயின. "தருமக் கடையிலை குடுத்திட்டு வாங்கோ" என்றாள். நான் என் டெலிவரி வான் வண்டியில் ஏற்றினேன். நான் வானில் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறவன். சம்பளம் இல்லாத டெலிவரியைக் கடைசியாகத்தான் செய்வேன். பைகள் கென்ட்டுக்குப் போய், அண்ணையின் தோட்டக் கொட்டிலில் ஒரு மூலையில் குந்திக்கொண்டன.

லைசென்ஸ் வந்தது. அதற்குள் அந்த வருடத்தின் முதல் விதைப்பையும் மான் முடித்துவிட்டது. அண்ணை கடைசித் தடவையாக விதைத்துவிட்டு, என்னோடு துவக்குக் கடைக்கு வந்தார்.

கடைக்காரர் கதவு நிலையளவு உயரம். எங்களை இரண்டு தரம் பார்த்தார், லைசென்ஸை மூன்று தரம் பார்த்தார். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு சொந்தக்காரர் போல் ஆகிவிட்டார். மானுக்கு இருநூற்று நாற்பத்து மூன்று என்கிற தோட்டா அளவு போதும், உதைப்புக் குறைவு, எங்கும் கிடைக்கும் என்றார். ஒவ்வொரு தடவையும் கையால் குமிழை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை. புதியவை வரிசையாக நின்றன. வால்நட் மரப் பிடி போட்டது ஒன்றை அண்ணை தடவிப் பார்த்து, விலைச் சீட்டைப் பார்த்து, சுட்டதுபோல் கையை எடுத்தார்.

"இதிலை கொஞ்சம் அடிபட்டது, கீறல் விழுந்தது இருக்கோ எண்டு கேள்" என்றார். பின்னேரம் தக்காளி வாங்குகிற அதே குரல்.

கேட்டேன். கடைக்காரர் கோபிக்கவில்லை. பின்பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பழைய துவக்குகள் நின்றன.

கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளுக்குத் தூக்கு, பிறகு கண்ணைத் திற, ஸ்கோப் வருகிற இடத்துக்கு நேரே உன் கண் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் அது உனக்கான துவக்கு இல்லை என்றார். ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தூக்கினேன். எல்லாம் ஆறடி மனிதர்களுக்குச் செய்தவை. பிடியின் அடிப்பாகம் தோளில் இருந்தால் விசை கைக்கு எட்டவில்லை. விசை எட்டினால் பிடி கமக்கட்டுக்குள் போய்விடுகிறது. கறுப்புப் பிளாஸ்டிக் பிடி போட்ட ஒன்று மட்டும் தூக்கியவுடன் தோளில் வந்து உட்கார்ந்தது. கண்ணைத் திறந்தேன், நேரே இருந்தது.

"யாருடையது?"

"ஒரு சின்ன உருவ அம்மாவுடையது. பிடியை வெட்டிக் குறுக்கியிருக்கிறார். இப்போது வேட்டையை விட்டுவிட்டு கோல்ஃப் விளையாடுகிறார்."

அண்ணை குழலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார், முகர்ந்தார், குமிழை நாலு தரம் இழுத்துத் தள்ளினார், முருங்கைக்காய் முறிப்பதுபோல் நடுவில் பிடித்துச் சற்று வளைத்தும் பார்த்தார். 

"கடைசி விலை கேள்."

கடைக்காரர் கொஞ்சம் குறைத்தார். துவக்கில் மிச்சம் பிடி, கண்ணாடியில் மிச்சம் பிடிக்காதே என்று சொல்லி, பழையது ஆனாலும் நல்லதாக ஒரு ஸ்கோப்பை மேலே பூட்டித் தந்தார். இரண்டு பக்கமும் மூடி போட்டது. குழலின் நுனியில் திருகுகிற, சத்தத்தைக் குறைக்கும் மொடரேட்டர் ஒன்றும் வாங்கினோம். சீமாட்டியின் நாய்க்குச் சத்தம் ஆகாதாம்.

எல்லாம் முடிந்த பிறகும் அண்ணை நகரவில்லை.

"என்ன அண்ணை?"

"மரக்கறி வாங்கினால் ஒரு நெட்டுக் கறிவேப்பிலையாவது சும்மா போடுவாங்கள். இவ்வளவு வாங்கியிருக்கிறம்."

இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று தெரியாமல் அப்படியே சொன்னேன். கடைக்காரர் யோசித்தார். பிறகு குழல் துடைக்கிற துணியும் மான் படம் போட்ட ஒரு கம்பளித் தொப்பியும் எடுத்துப் போட்டார். அண்ணை தொப்பியைக் கையோடு மாட்டிக்கொண்டார்.

தோளில் சாத்திச் சுட மூன்றுகால் தாங்கி ஒன்று வேண்டும். அதை அண்ணை போஞ்சிக் கம்புகளில், சைக்கிள் ரியூப்பால் கட்டிச் செய்தார். துவக்குக்கு உறை வேண்டும். உறை விலையைக் கேட்டுவிட்டு, மகளின் பழைய கீபோர்ட் பையை எடுத்தேன். அளவெடுத்ததுபோல் இருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கும்போது கீழ் வீட்டு அக்கா கதவுக்குள் நின்றார்.

"இந்த வயசிலை மியூசிக்கோ?"

துவக்கு இருக்கிறதை ஊருக்குச் சொல்லித் திரியவேண்டாம் என்பது பொலிஸின் அறிவுரை. "ஓம் அக்கா, சும்மா பழகிறன்" என்றேன்.

"நல்லதாப் போச்சு. எங்கட பிள்ளையின்ரை சாமத்திய வீட்டுக்கு ரெண்டு பாட்டு வாசிச்சு விடுங்கோவன்."

மான் எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொண்டு, சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போனேன். அங்கே வாரக்கணக்காகப் பழகினேன். ஸ்கோப்பின் குறுக்குக் கோடும் தோட்டா விழும் இடமும் ஒன்றாக வரும்வரை திருகித் திருகிச் சரிப்படுத்தினேன். கடைசியில் காகிதத்தில் ஐந்து துளைகளும் ஒரு வடைக்குள் அடங்கின. சொல்லித் தந்தவர் கை குலுக்கினார்.

அன்றைக்கு நேரே அண்ணையின் தோட்டத்துக்குப் போனேன். போஞ்சி முழங்கால் தாண்டிக் கொடியோடிப் பூத்திருந்தது. ஒரு கரையை மட்டும் மான் ஏற்கனவே ருசி பார்த்திருந்தது. இரவு கொட்டிலில் படுத்து, விடியமுன் எழும்புவதாகத் திட்டம். காலையில் நான் முகம் கழுவிவிட்டு வந்தபோது கொட்டிலுக்குள் கற்பூர மணம். அண்ணை பிள்ளையார் கலண்டருக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். துவக்கு மேசையில், தோட்டா இல்லாமல் வெறுமையாகத்தான் கிடந்தது. மொடரேட்டரில் மூன்று குறி திருநீறு.

"முதல் வெடி. சாமிக்குக் காட்டாமல் ஏலுமே?" என்றார்.

பொலிஸ் தந்த விதிகளில் திருநீறு பற்றி எதுவும் இருக்கவில்லை. கண்ணூறு கழிய அண்ணை வாசலில் வைத்த தேசிக்காயைத் தாண்டி, வலது காலை முன் வைத்து வெளியே போனோம்.

நிலத்தின் மேல் கரையில், பின்னால் மண்மேடு இருக்கிற பக்கமாகப் பார்த்து இருந்தோம். ஒளி வரத் தொடங்கியது. பற்றைக்குள்ளிருந்து ஆட்டுக்கடா அளவில் ஒரு கொம்பு மான் வந்தது. நாங்கள் சுட அனுமதியுள்ள வகை, சுட அனுமதியுள்ள காலம். நிதானமாகப் போஞ்சிக்கு நடந்து வந்து, முதல் கொடியைக் கடித்தது.

ஸ்கோப் மூடிகளைத் திறந்து கண்ணை வைத்தேன். ஒரே செம்மஞ்சள். கென்ட்டில் சூரியன் இப்படித்தான் உதிக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"சுடடா."

"பொறுங்கோ, விடியுது."

கண்ணை எடுத்துப் பார்த்தால் வெளியே சாம்பல் நிறம், மான் தெளிவாக நிற்கிறது. கண்ணை வைத்தால் சூரியோதயம்.

"சுடன்ரா, இரண்டாம் கொடிக்குப் போகுது!"

"ஒண்டும் தெரியேல்லை, அண்ணை."

"கண்ணுக்கு எனக்கெல்லோ ஊசி?"

தெரியாததைச் சுடாதே என்பதுதான் ரேஞ்சில் சொல்லித் தந்த முதல் பாடம். குமிழை இழுத்துத் தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு, ஸ்கோப்பின் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடி நடுவில் வட்டமாகச் சந்தனம். சந்தனத்துக்கு நடுவில் குங்குமம். பின்பக்கக் கண்ணாடியிலும் அப்படியே.

"அண்ணை, இது என்ன?"

"பொட்டு."

"ஏன்?"

"புதுக் காருக்கு லைற்றிலை வைக்கிறேல்லையே? கண் இருக்கிற இடத்திலைதானே வைக்கிறது." தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "வச்சிட்டு மூடியை வடிவாச் சாத்தினனான்" என்றார்.

போட்டிருந்த சேட்டின் நுனியால் துடைத்தேன். செம்மஞ்சள் இப்போது எல்லா இடமும் ஒரே சீராகப் பரவியது. மான் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது, மென்றது. இன்னும் இரண்டு கொடிகளை முடித்துக்கொண்டு, அவசரமில்லாமல் போனது.

அண்ணை கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வரம்பில் இருந்தார். ஏச ஆள் தேடியவர் கடைசியில் யாரையும் ஏசவில்லை. "நாளைக்கும் வரும்" என்றார். "ஒரு கிழமையிலை துடைச்சு விட்டிடும். நான் பழைய முதலாளிக்குப் போன் எடுக்கிறன்."

ஸ்கோப்பைக் கழற்றி ஒழுங்காகத் துப்புரவாக்கி, மறுபடியும் ரேஞ்சில் சரிபார்க்காமல் உயிருள்ள ஒன்றை நோக்கி நீட்டுவது சரியில்லை. அதற்கு ரேஞ்ச் மறுபடி திறக்கும் சனிக்கிழமைவரை பொறுக்கவேண்டும். அன்று திங்கள்.

பத்து மணியளவில் மனைவி ரெயிலேறி வந்து சேர்ந்தாள், மான் இறைச்சிக்கென்று அரைத்த தூளோடு. நடந்ததைச் சொன்னோம். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தூளை வைக்கக் கொட்டிலுக்குள் போனாள். உள்ளே சிரிப்பு நின்றது.

"இஞ்சேருங்கோ! இதுகளைக் குடுத்திட்டன் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

கறுப்புப் பைகளை வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். ஒரு பை கிழிந்து பச்சைச் சேலை காற்றில் எழும்பிப் போஞ்சிக் கம்பில் சுற்றிக்கொண்டது. நான் அதை எடுக்கப் போனேன்.

"விடுங்கோ" என்றாள். கம்பைப் பார்த்தாள், நிரையைப் பார்த்தாள், அண்ணையைப் பார்த்தாள். "அண்ணை, கம்பியும் பலகையும்தானே ஏலாது? சேலை ஏலாது எண்டு எழுதியிருக்கோ?"

அண்ணை எழும்பினார்.

மூன்று பேருமாகக் கட்டினோம். போஞ்சிக் கம்புகள் ஏற்கனவே நின்றன, அவற்றைச் சுற்றி இடுப்பளவில் ஒரு சேலை, தோளளவில் ஒரு சேலை. மனைவிக்கு ஒவ்வொன்றும் யார் தந்தது என்று தெரியும்.

"இது உங்கட சித்தி தந்தது. இதைப் பாத்தால் மான் என்ன, நானே ஓடுவன். முன்னுக்குக் கட்டுங்கோ."

ஊதா, கத்தரிப்பூ, பல்லைக் கூசவைக்கும் ஒரு மஞ்சள். வயல் முழுக்கப் பூச்சி உருண்டை மணம். தூரத்திலிருந்து பார்த்தால் போஞ்சிக்குக் கல்யாணம் நடக்கிற மாதிரி.

அடுத்த நாள் காலையில் அண்ணை போன் எடுத்தார். குரல் கிசுகிசுத்தது.

"டேய். நிக்குது."

"என்ன செய்யுது?"

"பாக்குது. சும்மா பாத்துக்கொண்டு நிக்குது. தும்முது." போனுக்குள் இலைகள் சரசரத்தன. "போகுது. போகுதடா."

"போஞ்சி?"

"இருக்கு."

அந்த மான் நேரே போய்ச் சீமாட்டியின் ரோஜாக்களைத் தின்றது. அவர் காலையில் ரப்பர் சப்பாத்தோடு இறங்கி வந்தார். குத்தகை போச்சு என்று அண்ணை நினைத்தாராம். வந்தவர் சேலைகளைச் சுற்றி ஒரு நடை நடந்து, குசினி யன்னலிலிருந்து பார்க்க மிக அழகாக இருக்கிறது என்றும், ரோஜாக்களுக்கும் சிலது கிடைக்குமா என்றும் கேட்டார். மஞ்சள் வேண்டாமாம்.

சொன்ன கிழமை போஞ்சி தோர்ண்டன் ஹீத்துக்கும் ஈஸ்ட் ஹாமுக்கும் போனது. என் வானில்தான் போனது. துவக்கைச் சனிக்கிழமை துப்புரவாக்கி, சரிபார்த்து, பூட்டி வைத்தேன். அதற்குப் பிறகு ஒருமுறைகூட மான் பக்கம் நீட்ட அண்ணை விடவில்லை. "அது நல்ல மான். சொல்வழி கேக்குது" என்கிறார்.

கீழ் வீட்டாரின் சாமத்திய வீட்டுக்கு மண்டபத்துக்குப் போனோம். கீபோர்டில் ஒரு விசை பழுது என்று சொல்லித் தப்பினேன். வெளிக்கிடும்போது மனைவியின் கையில் ஒரு சேலையை வைத்தார்கள். பெயர் சொல்ல முடியாத ஒரு நிறம், முழுக்கச் சரிகைப் புள்ளி. வழக்கமாக வண்டியில் ஏறியதும் அடுத்து யாருக்கு இது என்று யோசிப்பாள். அன்றைக்கு விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"நல்ல நைலோன். ரெண்டு மழைக்குத் தாங்கும்" என்றாள். "அண்ணை வாற வருசம் மற்றத் துண்டு நிலத்தையும் எடுக்கப்போறார் எல்லே? அவசரப்பட்டு ஒருத்தருக்கும் குடுத்திடாதேங்கோ."